நூறாவது டப்பா

அவளுக்கும் ஒரு பெயர் உண்டு. சம்பளப் பட்டியலில் அது பத்திரமாக இருந்தது. மற்றபடி அந்த மருத்துவமனையில் வாசல் வாட்ச்மேன் முதல் இரண்டாம் மாடி பெரிய டாக்டர் வரை எல்லோருக்கும் அவள் டப்பாக்காதான்.

காலை எட்டரைக்கு நீல மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாக்களை வாங்கி வரிசையாக அடுக்குவாள். மாலை ஐந்துக்குள் எல்லாவற்றையும் உறைபெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிடுவாள். டப்பாவுக்குள் என்ன என்று யாராவது கேட்டால், "எல்லாரும் காலையில வேண்டாம்னு விட்டுட்டு வர்றதுதான்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவாள்.

மலம். எப்படிச் சுற்றி வளைத்துச் சொன்னாலும் அதுதான்.

ஆறு வருடம் அதே மருத்துவமனையில் தரை துடைத்தவள். பிறகு ஐந்து வருடமாக இந்த ஆய்வுக்கூடம். முகமூடியின் உள்பக்கம் கொஞ்சம் தைலம் தடவிக்கொண்டு, மரக்குச்சியால் கிள்ளி எடுத்து, தராசில் வைத்து, நான்கு சின்னக் குழாய்களில் பிரித்து, எண் ஒட்டி, உறைய வைக்க வேண்டும். ஒரு நாளைக்கு நாற்பது டப்பா. யாருக்கு மலச்சிக்கல், யார் மாத்திரை சாப்பிடுகிறார், யார் தண்ணீரே குடிப்பதில்லை என்று மூடியைத் திறந்ததுமே சொல்லிவிடுவாள். அத்தனை பேருடைய வயிற்றையும் படித்த அந்தக் கண்கள், பாவம், ஒரே ஒரு வயிற்றை மட்டும் படிக்கத் தவறிவிட்டன.

அந்த ஆய்வு குடல் புற்றுநோயைப் பற்றியது. ஆரம்பித்த புதிதில் ஒருநாள், ஆய்வை நடத்தும் டாக்டரம்மா அவளை நுண்ணோக்கி பக்கம் அழைத்துக் காட்டினாள். ஊதா நிறத்தில், இரண்டு முனையும் கூராக, தையல் ஊசியை நறுக்கிப் போட்டது போலச் சில கோடுகள் தெரிந்தன.

"என்ன டாக்டரம்மா இது, ஊசி மாதிரி?"

"கிருமி அக்கா. பேரு பெரிசா இருக்கும். நீங்க ஊசியான்னே வெச்சுக்குங்க." டாக்டரம்மா சிரித்தாள். அவளுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். "நம்ம வயித்துக்குள்ள கோடிக்கணக்குல கிருமி குடியிருக்கு. முக்கால்வாசி நல்லதுங்க, நமக்காக உழைக்கிறதுங்க. இவன் வாயில, பல் ஈறு ஓரத்துல இருக்க வேண்டியவன். ஆனா குடல்ல கட்டி வந்தவங்களைப் பார்த்தா, நிறைய பேருக்கு இவன் அங்க போய் உட்கார்ந்திருக்கான்."

"அப்ப இவன்தான் கட்டியை உண்டாக்குறானா?"

"அதுதானே தெரியல! திருட்டு நடந்த வீட்டு வாசல்ல ஒருத்தன் நிக்கிறான். அவன்தான் திருடனா? திருடனுக்குக் கதவைத் திறந்துவிட்டவனா? இல்ல சும்மா வேடிக்கை பார்க்க வந்தவனா? அதைக் கண்டுபிடிக்கத்தான் இத்தனை டப்பா."

டப்பாக்காவுக்கு அது பிடித்துப்போனது. தான் ஏதோ போலீஸ் வேலை பார்ப்பதாக வீட்டில் போய்ப் பெருமையடித்துக்கொண்டாள்.

பெருமையெல்லாம் ஆய்வின் முதல் வருடத்தோடு சரி. இரண்டாவது வருடத்தில் அவளிடம் மிஞ்சியது அசதி ஒன்றுதான். காலையில் எழும்போதே அசதி. பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்துவிட்டால் அப்படியே கண் சொக்கி, இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விடுவாள். குனிந்து நிமிர்ந்தால் கண் இருட்டிக்கொண்டு வரும். ஐம்பத்தொரு வயதாகிறது, இருக்காதா பின்னே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். இரண்டொரு தடவை ரத்தம் பார்த்தாள். மூலமாக இருக்கும் என்று ஒதுக்கிவிட்டாள். வீட்டில் அவள் படுத்தால் அடுப்பும் படுத்துவிடும். அப்படிப்பட்டவளுக்கு உடம்பு சரியில்லாமல் போக நேரம் ஏது?

ஆய்வுக்கு நோயாளிகளின் டப்பா மட்டும் போதாது. ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாதவர்களுடையதும் நூறு வேண்டும். ஐம்பது வயதைத் தாண்டிய, எந்தக் குறையும் இல்லாத நூறு 'நல்ல வயிறு'. அவற்றைச் சேர்க்கும் பொறுப்பும் டப்பாக்கா தலையில்தான் விழுந்தது. வாட்ச்மேனைக் கெஞ்சினாள். பேருந்து நடத்துனர்களைப் பிடித்தாள். தேநீர்க் கடைக்காரர், "எங்கிட்ட எல்லாரும் டீ கேப்பாங்க, நீ ஒருத்திதான் இதைக் கேட்டிருக்க" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்துவிட்டு, மறுநாள் கொண்டுவந்து கொடுத்தார். ஒரே ஒரு விதி உண்டு. டப்பாவைக் கையாளுகிறவர்கள் தங்களுடையதைக் கொடுக்கக் கூடாது. அதை அவளே எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

தொண்ணூற்றொன்பது சேர்ந்தது. நூறாவதுக்கு வீட்டுக்காரரைப் பிடித்தாள்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். ஐம்பத்தாறு வயது. இருபது மாடி உயரத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்குவார். ஆனால் நாலு பேர் முன்னால் தும்மக்கூட வெட்கப்படுவார். டப்பாவைக் கையில் கொடுத்ததும் வெடிகுண்டைக் கொடுத்தது போலத் தள்ளிப் பிடித்தார்.

"இது என்னடி கூத்து! இதுல எப்படி?"

"எப்படியோ. ஊர்ல தொண்ணூத்தொம்பது பேருக்கு வந்துச்சு, உங்களுக்கு மட்டும் வராதா?"

"நீ வாசல்ல நின்னா எப்படி வரும்? போ அந்தப் பக்கம்!"

மூன்று நாள் வெறும் டப்பாவோடு தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார். நான்காம் நாள்தான் கடைசி நாள். அன்று மாலை நான்கு மணிக்குக் குழாய்கள் எல்லாம் பரிசோதனைக்கு வெளியே அனுப்பப்படும். அன்றைக்குப் பார்த்து மனிதர் வெற்றிவீரனாக வெளியே வந்தார். "இந்தா, பிடி! சரித்திரத்துல என் பேரையும் எழுதச் சொல்லு!"

சிரித்துக்கொண்டே வாங்கி மூடியைத் திருகினாள். ஆயிரக்கணக்கான மூடிகளைத் திருகிய விரல்கள். அன்று என்னவோ அவற்றில் வலுவே இல்லை. கடைசிச் சுற்று இறுகவில்லை. அதை அவள் கவனிக்கவுமில்லை.

ஆய்வுக்கூடத்தில் பையைத் திறந்தபோதுதான் தெரிந்தது. பஸ் குலுக்கிய குலுக்கலில் மூடி கழன்று, பையில் இருந்த துவாலை, சீப்பு, மதியச் சாப்பாட்டுப் பாத்திரம் எல்லாம் பாழாகியிருந்தன. டப்பாவுக்குள் மிஞ்சியது ஒன்றுமில்லை.

அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வீட்டுக்காரர் இந்நேரம் ஏதாவது கட்டடத்தின் உச்சியில் இருப்பார். டாக்டரம்மாவோ காலையிலிருந்து, "நூறும் வந்துடுச்சா அக்கா? நூறும் வந்துடுச்சா?" என்று குழந்தை மாதிரி கேட்டுக்கொண்டிருக்கிறாள். மணி பன்னிரண்டு. ஒன்று. இரண்டு.

இரண்டேகாலுக்கு, ஊழியர் கழிவறைக் கதவைத் தாழ்போட்டுக்கொண்டு நின்றாள். கையில் ஒரு புது டப்பா. அதில் வீட்டுக்காரரின் எண்ணை ஏற்கெனவே ஒட்டியிருந்தாள். ஒரே அடுப்பில் சமைத்ததை முப்பது வருடமாகச் சேர்ந்து சாப்பிடுகிற இரண்டு வயிறு. அவருடையது வேறு, தன்னுடையது வேறா? அப்படித்தான் நினைத்தாள் அந்தப் பைத்தியக்காரி! தராசில் வைத்தபோது அது யாருடையது என்று அவள் முகம் காட்டவில்லை. எண் நூறு, ஆண், வயது ஐம்பத்தாறு, நோயில்லை. நான்கு மணிக்குப் பெட்டி கிளம்பிப் போனது.

அந்த விஷயத்தை மறந்தும் போனாள்.

ஆறு வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை, டாக்டரம்மா தன் அறைக்குக் கூப்பிட்டனுப்பினாள்.

"உட்காருங்க அக்கா."

ஐந்து வருடத்தில் அந்த அறையில் அவளை யாரும் உட்காரச் சொன்னதில்லை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

"நூறாம் எண்ல கண்ணுக்குத் தெரியாத ரத்தம் கலந்திருக்கு. ரெண்டு தடவை பார்த்துட்டாங்க. ஊசியானும் குவியலா இருக்கான். கிருமியை மட்டும் வெச்சு நோய்னு நான் சொல்லவே மாட்டேன். ஆனா ரத்தத்தைச் சும்மா விட முடியாது. திங்கட்கிழமை குழாய் விட்டு உள்ள பார்த்துடலாம்." டாக்டரம்மா எழுந்து வந்து அவள் தோளைத் தொட்டாள். "உங்களால சொல்ல முடியாதுன்னுதான் நானே அண்ணனுக்குப் போன் பண்ணிச் சொல்லிட்டேன். பயப்படாதீங்க அக்கா. ஒண்ணும் இல்லாமலும் இருக்கலாம்."

டப்பாக்காவின் உதடு பிரிந்தது. அது அவருடையது இல்லை டாக்டரம்மா என்று சொல்ல வேண்டிய நேரம் அதுதான். சொல்லியிருந்தால் எத்தனை கண்ணீர் மிச்சமாகியிருக்கும்! ஆனால் பிரிந்த உதட்டை மூடிக்கொண்டாள். சொன்னால் இரண்டு வருட ஆய்வில் பொய்யைக் கலந்தவள் ஆவாள். வேலை போகும். அதையெல்லாம்கூடத் தாங்கிக்கொள்ளலாம். சொன்ன அந்த நிமிடமே அந்த ரத்தம் அவளுடைய ரத்தம் ஆகிவிடும். சொல்லாத வரைக்கும் அது ஒரு எண்ணுடைய ரத்தம்தான்.

"சரி டாக்டரம்மா" என்று எழுந்து வந்துவிட்டாள். அன்று மாலை வரை முப்பத்தெட்டு டப்பா பிரித்தாள். ஒன்றில்கூட எண் மாறவில்லை.

வீட்டில் அவள் கண்ட காட்சியை எப்படிச் சொல்வது! மனிதர் சட்டைகூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மகள். வேறு ஊரில் வேலை பார்க்கிறவள், போன் கேட்டதும் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஓடி வந்திருந்தாள்.

"வந்துட்டியா?" என்றார். "எனக்கு ஒண்ணும் பயம் இல்ல." சொல்லிவிட்டு ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தார். டம்ளர் பல்லில் பட்டுக் கடகடவென்று ஆடியது.

அடுத்த இரண்டு நாளும் அவர் செத்துச் செத்துப் பிழைத்தார். வெள்ளிக்கிழமை மகளைக் கூப்பிட்டு ஸ்பேனர் பெட்டியைக் காட்டினார். "இதை மட்டும் இரும்புக் கடையில போட்டுடாதம்மா. அந்தப் பன்னெண்டாம் நம்பர் எங்கேயும் கிடைக்காது." சனிக்கிழமை கண்ணாடி முன்னால் நின்று நாக்கை நீட்டிப் பார்த்தார். "நல்லாத்தானே இருக்கேன்? பசிக்கக்கூட செய்யுதே. இந்த வியாதிக்குப் பசிக்குமா?"

"பசிச்சா சாப்பிடுங்கப்பா" என்று மகள் அழுதாள்.

"நீ அழுதா எனக்கு எப்படி எறங்கும்?" என்று அவரும் அழுதார். அழுதுகொண்டே இரண்டாம் முறை சாதம் போட்டுக்கொண்டார்.

டப்பாக்கா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். எழுந்திருக்க முடியவில்லை. மகள் வந்து போர்வையைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பாவுக்கு இப்படி ஆயிருக்கு, நீ என்னம்மா எந்நேரமும் படுத்தே கிடக்க? உனக்கு நெஞ்சுல ஈரமே இல்லையா?"

பெற்ற மகள் வாயிலிருந்து வந்த சொல். அதைக் கேட்டுக்கொண்டு அந்தத் தாய் எழுந்து போய் அரிசி களைந்தாள். அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்ணுக்குள் பூச்சி பறந்தது. நாளைக்குச் சொல்லிவிடலாம், நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு வேளையும் தள்ளிப்போட்டாள். திங்கட்கிழமை அவருக்குக் குழாயை உள்ளே விட்டுப் பார்ப்பார்கள், ஒன்றும் இருக்காது, நல்ல சேதி என்று எல்லோரும் சிரிப்பார்கள், அதோடு முடிந்துவிடும் என்றுகூட ஒரு யோசனை ஓடியது. முடிந்துவிடுமா? அவளுக்குள் இருப்பது?

ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணி. வெயில் இன்னும் சன்னலில் இருந்தது. மறுநாள் பரிசோதனைக்கு முன் குடல் சுத்தமாக வேண்டும். அதற்கான பொடியை இரண்டு லிட்டர் தண்ணீரில் கரைத்து மகள் மேசையில் வைத்தாள். அவர் முதல் டம்ளரைக் கையில் எடுத்தார். முகர்ந்து பார்த்தார். முகம் கோணியது.

"இதைக் குடிச்சா ராத்திரி பூரா அங்கேயேதான் குடியிருக்கணுமாம்" என்று சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.  முப்பது வருடம் அந்தரத்தில் தொங்கி வேலை பார்த்த கை, ஒரு டம்ளர் தண்ணீருக்கு நடுங்கியது.

அதை அவளால் பார்க்க முடியவில்லை. போய் டம்ளரைப் பிடுங்கினாள்.

"இது உங்களுக்கு இல்லீங்க."

"என்னடி?"

"உங்களுது அன்னிக்கு பஸ்லயே கொட்டிப் போச்சு. நான்... என்னோடதை வெச்சுட்டேன்."

ஒரே மூச்சில் டம்ளரைக் காலி செய்தாள். உப்பும் புளிப்பும் எண்ணெய்ப் பிசுக்கும் கலந்த அந்தக் கண்றாவியைக் கீழே வைத்துவிட்டு மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த நேரத்தில் அவர் முகத்தில் ஒன்று நடந்தது. நெற்றிச் சுருக்கம் அவிழ்ந்தது. தோள் இறங்கியது. கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. அப்பாடா! ஒரே ஒரு நொடிதான். அதற்குள் அவள் சொன்னதன் மீதிப் பாதி அவருக்குப் புரிந்துவிட்டது. வெளிச்சம் அணைந்தது. தன் முகத்தில் அந்த வெளிச்சம் வந்துபோனதை அவள் பார்த்துவிட்டாள் என்பதும் அவருக்குப் புரிந்தது.

"அடிப்பாவி" என்றார். சத்தமே வரவில்லை. பிறகு வந்தது. வீடு அதிர வந்தது. "மூணு நாள்! மூணு நாளா என்னைச் சாகடிச்சியேடி! ஒரு வார்த்தை! ஒரே ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொன்னா நிஜமாயிடுமோன்னு பயந்தேங்க."

மகள் போர்வையைப் பிடித்து இழுத்த கையைப் பார்த்துக்கொண்டாள். பிறகு இரண்டாவது டம்ளரை ஊற்றி, அம்மாவின் வாயருகே கொண்டு போனாள். "மூக்கைப் பிடிச்சுக்கிட்டுக் குடிம்மா" என்றாள். 

திங்கட்கிழமை காலை டாக்டரம்மா மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். டப்பாக்கா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். மூடி, பஸ், கழிவறை, எண் நூறு. எதையும் குறைக்கவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. கேட்கத் தெம்பு இல்லை.

டாக்டரம்மாவின் முகம் சிவந்தது. "ரெண்டு வருஷம், அக்கா. ரெண்டு வருஷம். ஒண்ணு கொட்டிப் போச்சுன்னா தொண்ணூத்தொம்பதுன்னு எழுதியிருப்பேனே! நான் உங்களைக் கடிச்சா தின்னுடுவேன்?" குரல் உடைந்தது. சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். திரும்பியபோது வேறு குரலில் பேசினாள். "உள்ள போய் உடையை மாத்துங்க. திட்ட வேண்டியது நிறைய இருக்கு, அதை அப்புறம் வெச்சுக்கறேன். அண்ணே, கையெழுத்து நீங்க போடுங்க."

அரை மணி நேரம். நாற்காலியின் இரும்புக் கையைப் பிடித்தபடி அவர் உட்கார்ந்திருந்தார். மகள் பேச்சுக் கொடுத்தாள். அவர் காதில் எதுவும் ஏறவில்லை. முகத்தில் வந்துபோன அந்த ஒரு நொடி வெளிச்சத்தைத் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார்.

டாக்டரம்மா வெளியே வந்து அவர்களை உள்ளே கூப்பிட்டாள். டப்பாக்கா மயக்கம் பாதி தெளிந்து கட்டிலில் கிடந்தாள்.

"குடலோட இடது வளைவுல இருக்கு. கோலிக்குண்டு அளவு. கிள்ளி அனுப்பியிருக்கேன், முடிவு வரணும். ஆனா என் கண்ணுக்கு அது நல்ல கட்டியாத் தெரியல. ஸ்கேன் எடுத்துட்டு, வர்ற வாரமே ஆபரேஷன் வெச்சுக்கலாம். சுவரைத் தாண்டிப் போகலேன்னு நம்புறேன். நிச்சயமா இப்போ சொல்ல முடியாது."

"அவன் பண்ணினதா டாக்டரம்மா?" கட்டிலிலிருந்து குரல் வந்தது. "ஊசியான்?"

"தெரியல அக்கா. சத்தியமா தெரியல." டாக்டரம்மா குனிந்தாள். "இன்னொண்ணு. நூறாம் எண்ணை ஆய்விலிருந்து எடுத்துட்டேன். நடந்ததை மேலிடத்துக்கு எழுதியாகணும், மறைக்க மாட்டேன். உங்க வேலையைப் பத்தி என்னால வாக்குக் குடுக்க முடியாது."

"எழுதுங்க." டப்பாக்கா கண்ணை மூடிக்கொண்டாள். "நான் செஞ்சதுதானே."

டாக்டரம்மா போன பிறகு அவர் கட்டில் ஓரத்தில் வந்து நின்றார். சொல்வதற்கு ஆயிரம் இருந்தது. நேற்றிலிருந்து சேர்த்து வைத்த கோபம் அப்படியே இருந்தது.

"ஏண்டி..." என்று ஆரம்பித்தார்.

"சண்டையை வீட்டுல போய் வெச்சுக்கலாங்க" என்றாள் அவள், கண்ணைத் திறக்காமலே. "ரொம்ப அசதியா இருக்கு. கொஞ்சம் தூங்கிக்கறேன்."

பகல் பதினோரு மணி. வேலை நாள். அந்த நேரத்தில், அந்தக் கட்டடத்தில், அவள் இதற்கு முன் கண் மூடியதில்லை. வாய் லேசாகத் திறந்து, மூச்சு சீராக, அவள் தூங்கிப் போனாள். எத்தனையோ மாதமாக அந்த உடம்பு கேட்டுக் கேட்டு அலுத்துப்போன தூக்கம்.

நர்ஸ் வந்து திரையை விலக்கினாள். "சார், அடுத்த பேஷண்ட் வெயிட்டிங். இவங்களை எழுப்பி வெளியே உட்கார வைங்க."

அவர் கட்டிலுக்கும் நர்ஸுக்கும் நடுவில் நகர்ந்து நின்றார். மகள் திரும்பிப் பார்த்தாள். அப்பா அப்படி நின்று அவள் பார்த்ததில்லை.

"எழுப்ப முடியாதும்மா" என்றார்.

"சார், இது ரூல்..."

"திட்டுறதா இருந்தா என்னைத் திட்டிக்குங்க. கொஞ்ச நேரம் தூங்கட்டும்."

நர்ஸ் அவரைப் பார்த்தாள், கட்டிலில் கிடந்தவளைப் பார்த்தாள். அடையாளம் தெரிந்திருக்க வேண்டும். திரையை இழுத்துவிட்டுப் போய்விட்டாள். மகள் தரையிலேயே உட்கார்ந்து கட்டில் காலில் தலை சாய்த்துக்கொண்டாள். அவர் உட்காரவில்லை. டாக்டரம்மா கொடுத்துவிட்டுப் போன, ஆபரேஷன் தேதி எழுதிய தாளைக் கையில் வைத்துக்கொண்டு, திரைக்கு முன்னால் நின்றுகொண்டே இருந்தார்.